முன்னுரிமை கொடுத்தும் திரெட் பேச்சு கேட்கவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

பொள்ளாச்சியில் கிளம்பி கோபாலபுரம் தாண்டிக் கொழிஞ்சாம்பாறை போகும் வழியில், எல்லைக்கு இரண்டு பக்கமும் மஞ்சி மில்களும் கோகோ பித் கட்டி அடிக்கும் ஷெட்களும் உண்டு. அப்படி ஒரு ஷெட்டில் ஐந்து கிலோ கட்டிக்குப் பித்தை நிறுத்து அச்சில் கொட்டும் இயந்திரம் ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். உள்ளே ராஸ்ப்பெரி பை என்ற சின்னக் கணினிப் பலகை, அதில் லினக்ஸ், சி மொழியில் எழுதிய ஒரு புரோகிராம். அதில் நான்கு திரெட்கள், அதாவது ஒரே புரோகிராமுக்குள் தனித்தனியாக ஓடும் வேலைகள்: லோட் செல்லில் எடை படிப்பது ஒன்று, எடை வந்ததும் கேட்டை மூடுவது ஒன்று, திரையில் எண் காட்டுவது ஒன்று, ஒவ்வொரு கட்டியையும் கோப்பில் பதிவு செய்வது ஒன்று. முதல் இரண்டும் நேரத்துக்கு ஓடியே ஆக வேண்டும். மற்ற இரண்டும் கொஞ்சம் தாமதித்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

மில்லிலிருந்து போன் வரும்போது "ஷெட்யூலிங் பிழை" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "ஏனுங்க, நாலே முக்கால் கிலோவுலயே கேட் மூடிக்குதுங்க" என்பார்கள். அதிலிருந்து திரெட்டின் முன்னுரிமை வரை எப்படிப் போய்ச் சேர்வது என்பதுதான் கீழே இருப்பது. செயற்கூறு, கட்டளைப் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறோம். தட்டச்சிடும்போது மேன் பக்கத்தில் (லினக்ஸின் கையேட்டில்) உள்ள எழுத்துகளையே பயன்படுத்துங்கள்.

கோடைத் தொடுவதற்கு முன்

உங்கள் புரோகிராம் என்ன கேட்டது என்பது ஒன்று, லினக்ஸின் மையமான கெர்னல் என்ன கொடுத்தது என்பது வேறொன்று. கெர்னல் கொடுத்ததை முதலில் பாருங்கள். பிஎஸ் கட்டளையைத் திரெட் வாரியாக (பெரிய 'எல்' விருப்பத்தோடு) ஓட்டி, டிஐடி, சிஎல்எஸ், ஆர்டிபிரியோ, என்ஐ, காம் ஆகிய ஐந்து பத்திகளைக் கேளுங்கள். சிஎல்எஸ் பத்தியில் டிஎஸ் என்றிருந்தால் அது சாதாரணத் திரெட், அதாவது ஸ்கெட்_அதர். எஃப்எஃப் என்றால் ஸ்கெட்_ஃபைஃபோ, ஆர்ஆர் என்றால் ஸ்கெட்_ஆர்ஆர். இவை இரண்டும் நிகழ்நேர வகை, சாதாரணத் திரெட்டுக்கு முன் சிபியு இவற்றுக்குத்தான். இந்த வகையைத்தான் பாலிசி என்கிறோம். ஆர்டிபிரியோவில் 1 முதல் 99 வரை எண் இருக்கும். சாதாரணத் திரெட்டுக்கு வெறும் கோடுதான்.

டாப் கட்டளையில் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே பிஆர் பத்தியில் நிகழ்நேர முன்னுரிமை தலைகீழாக வரும்: 70 கொடுத்தால் -71 என்று காட்டும், 99 கொடுத்தால் ஆர்டி என்று மட்டும் காட்டும். இதைப் பார்த்துவிட்டு எண் தப்பாகப் போய்விட்டது என்று கோடை மாற்றப் போகாதீர்கள்.

எந்த டிஐடி எந்தத் திரெட் என்று தெரிய, பிதிரெட்_செட்நேம்_என்பி கொண்டு ஒவ்வொன்றுக்கும் பெயர் வையுங்கள். பெயர் 15 பைட்டுக்குள் அடங்க வேண்டும், மீறினால் ஈரேஞ்ச் பிழை வரும். தமிழில் வைக்க ஆசையிருந்தால் யூடிஎஃப்-8இல் குறி ஒன்றுக்கு 3 பைட், ஐந்து குறியோடு இடம் தீர்ந்துவிடும்.

புரோகிராமுக்குள்ளிருந்தே பிதிரெட்_கெட்ஷெட்பாரம் கூப்பிட்டுப் பார்ப்பதை மட்டும் நம்ப வேண்டாம். கிலிப்சி நூலகம் அந்த மதிப்பைத் தன்னிடமே வைத்திருந்து சொல்லும். வெளியிலிருந்து சிஹெச்ஆர்டி கட்டளையால் யாராவது மாற்றியிருந்தால் அது நூலகத்துக்குத் தெரியாது.

பிழை எதுவும் வரவில்லை, ஆனாலும் டிஎஸ் என்றே நிற்கிறது

இதுதான் அடிக்கடி வருவது. ஆட்ரிப்யூட்டில் (திரெட்டை உருவாக்கும்போது கொடுக்கும் அமைப்புகளில்) பாலிசி வைத்தாயிற்று, முன்னுரிமை வைத்தாயிற்று, பிதிரெட்_கிரியேட்டும் 0 திருப்பியது. திரெட் மட்டும் சாதாரணமாகவே ஓடுகிறது. காரணம் ஒரே வரி: லினக்ஸில் புதுத் திரெட், தன்னை உருவாக்கிய திரெட்டின் பாலிசியை அப்படியே வாங்கிக்கொள்ளும். அதுதான் இயல்பான அமைப்பு. அந்த அமைப்பு இருக்கும்வரை நீங்கள் ஆட்ரிப்யூட்டில் வைத்த பாலிசியையும் எண்ணையும் நூலகம் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும்.

பிதிரெட்_ஆட்டர்_செட்இன்ஹெரிட்ஷெட் கூப்பிட்டு, பிதிரெட்_எக்ஸ்ப்ளிசிட்_ஸ்கெட் கொடுங்கள். ஆட்டர்_இனிட், செட்இன்ஹெரிட்ஷெட், செட்ஷெட்பாலிசி, செட்ஷெட்பாரம் என்ற வரிசையில் எழுதுவது நல்ல பழக்கம். பாலிசிக்கு முன்னால் எண்ணை வைத்தால், அந்த நேரத்தில் ஆட்ரிப்யூட்டில் இருக்கும் பாலிசி ஸ்கெட்_அதர். அதற்கு 70 பொருந்தாது என்று அங்கேயே பிழை எண் 22 திரும்பும். அந்த மதிப்பைச் சோதிக்காமல் விட்டிருந்தால் பிழை வேறெங்கோ போய் முளைக்கும்.

இந்த ஒரு வரியைச் சேர்த்த உடனே, அதுவரை நன்றாக ஓடிய புரோகிராம் திரெட்டையே உருவாக்க முடியாமல் நின்றுபோகலாம். கெட்டுப்போனது எதுவுமில்லை. இதுவரை கேட்காமலே இருந்தீர்கள், இப்போதுதான் கேட்கிறீர்கள், அனுமதி இல்லை என்று கெர்னல் சொல்கிறது. அடுத்த பகுதிக்குப் போங்கள்.

உருவாக்கிய பிறகு பிதிரெட்_செட்ஷெட்பாரம் கொண்டு மாற்றுவதும் செல்லும். ஆனால் மாற்றுவதற்குள் அந்தத் திரெட் கொஞ்ச தூரம் ஓடியிருக்கும். தொடக்கத்திலேயே நேரம் முக்கியம் என்றால் ஆட்ரிப்யூட் வழியே போங்கள், அல்லது திரெட்டின் முதல் வரியில் அதுவே தன் முன்னுரிமையை வைத்துக்கொள்ளட்டும்.

பிழை எண் 1: அனுமதி இல்லை

சுடோ (ரூட் அதிகாரத்தோடு ஓட்டும் கட்டளை) போட்டால் ஓடும், போடாவிட்டால் ஓடாது. சாதாரணப் பயனருக்கு ஆர்டிபிரியோ வரம்பு 0. யூலிமிட் கட்டளைக்கு -ஆர் கொடுத்தால் தெரியும். இதைத் தீர்க்க மூன்று வழி உண்டு, மூன்றிலும் ஒவ்வொரு முள் இருக்கிறது.

லிமிட்ஸ்.கான்ஃப் கோப்பில் அந்தப் பயனருக்கோ குழுவுக்கோ ஆர்டிபிரியோ 80 என்று எழுதலாம். வெளியேறி மறுபடி லாகின் செய்தால்தான் செல்லும். இதைப் படிப்பது பாம் என்ற லாகின் அடுக்கு. கணினி தொடங்கும்போது தானாக ஓடும் சிஸ்டம்டி சர்வீஸ் அந்த வாசல் வழியாக வருவதில்லை. டெர்மினலில் கையால் ஓட்டினால் எஃப்எஃப், மில்லில் மெயின் ஸ்விட்சைப் போட்டதும் தானாக ஓடினால் பிழை 1 என்றால் காரணம் இதுதான்.

சர்வீஸ் கோப்பில் லிமிட்ஆர்டிபிரியோ=80 என்று எழுதுவது இரண்டாவது வழி. எங்கள் பரிந்துரையும் அதுதான். அங்கேயே சிபியுஷெட்யூலிங்பாலிசி=ஃபைஃபோ என்று ஒரு விருப்பமும் இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். அதை வைத்தால் மெயின் திரெட் நிகழ்நேரமாகிவிடும். வெளிப்படையாக வேறு பாலிசி கேட்காத எல்லாத் திரெட்டும் அதை வாங்கிக்கொள்ளும். திரை வரைவதும் பதிவு எழுதுவதும்கூட எடை படிப்பதோடு மல்லுக்கு நிற்கும்.

மூன்றாவது, ஓடும் கோப்பின் மேலேயே செட்கேப் கொண்டு கேப்_சிஸ்_நைஸ் உரிமையைப் பதிப்பது. கம்பைல் செய்த ஒவ்வொரு முறையும் அது அழிந்துபோகும். சிபி கொண்டு நகலெடுத்தாலும் கூட வராது. மேக்ஃபைலின் கடைசி வரியாகவே அதைச் சேர்த்துவிடுங்கள். உரிமை பெற்ற கோப்பு எல்டி_லைப்ரரி_பாத்தையும் மதிக்காது. சொந்த நூலகம் வேறு அடைவில் இருந்தால் புரோகிராம் தொடங்கவே தொடங்காது.

டாக்கருக்குள் ஓட்டுபவர்கள் சிஸ்_நைஸ் உரிமையையும் யூலிமிட்டில் ஆர்டிபிரியோவையும் கண்டெய்னரைத் தொடங்கும் கட்டளையிலேயே கொடுக்க வேண்டும். உள்ளே ரூட்டாக இருப்பது மட்டும் போதாது.

பிழை எண் 22, அல்லது பெர்ரர் "சக்சஸ்" என்கிறது

22 வந்தால் எண்ணும் பாலிசியும் ஒத்துப்போகவில்லை. ஸ்கெட்_அதருக்கு 0 தவிர வேறெதுவும் செல்லாது. ஃபைஃபோவுக்கும் ஆர்ஆருக்கும் 0 செல்லாது. பல இயங்குதளங்களுக்கு எழுதுவதாக இருந்தால் 70 என்று நேரடியாக எழுதாதீர்கள். போசிக்ஸ் உறுதி தருவது குறைந்தது 32 படிநிலைகளுக்கு மட்டும். ஸ்கெட்_கெட்_பிரயாரிட்டி_மின், மேக்ஸ் இரண்டையும் கேட்டு அதற்குள் கணக்கிடுங்கள். ஆர்டிஓஎஸ் பழக்கத்தில் வருபவர்களுக்கு இன்னொன்று: லினக்ஸிலும் ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸிலும் எண் பெரிதானால் முன்னுரிமை உயரும், திரெட்எக்ஸில் 0தான் உச்சம்.

பிழைச் செய்தி காட்டும் பெர்ரர் "சக்சஸ்" என்று அச்சிடுவது நூலகத்தின் குற்றமல்ல. பிதிரெட் செயற்கூறுகள் பெர்ரர் பார்க்கும் எர்னோ மாறியைத் தொடுவதில்லை, பிழை எண்ணைத் திருப்பி அனுப்புகின்றன. திரும்பிய எண்ணை ஒரு மாறியில் வாங்கி ஸ்ட்ர்எர்ரருக்குக் கொடுங்கள். -1க்குச் சமமா என்று சோதித்திருந்தால் அந்தச் சோதனை எப்போதும் பொய்தான்.

ஆல்பைன் லினக்ஸில் ஸ்கெட்_செட்ஷெட்யூலர் கூப்பிட்டு ஈநோசிஸ் பிழை வாங்கியவர்கள் பிதிரெட்_செட்ஷெட்பாரமுக்கு மாறுங்கள். மஸ்ல் நூலகம் முதலாவதை வேண்டுமென்றே மறுக்கிறது.

எஃப்எஃப் 70 என்று காட்டுகிறது, இருந்தும் எடை நடுநடுவே துள்ளுகிறது

இந்த இடத்தில்தான் நிறைய நேரம் போகும். அவசரப்பட்டு 70ஐ 99 ஆக்காதீர்கள். 99இல் கெர்னலின் சொந்த வேலைகள் சில இருக்கின்றன, அவற்றோடு மோதி எந்தப் பயனும் இல்லை.

லோட் செல்லுக்கும் ராஸ்ப்பெரி பைக்கும் நடுவே ஹெச்எக்ஸ்711 சிப் இருக்கிறது என்று வையுங்கள். எடையின் 24 பிட்டை எடுக்க, கிளாக் காலில் 25 துடிப்பு கொடுக்க வேண்டும். ஒவ்வொரு துடிப்பும் மேலே நிற்கும் நேரம் 50 மைக்ரோ வினாடிக்குள் இருக்க வேண்டும். 60ஐத் தாண்டினால் சிப் தன்னை அணைத்துக்கொள்ளும். கிளாக் கீழே வந்ததும் மறுபடி எழுந்து முதலிலிருந்து தொடங்கும். நொடிக்கு 80 அளவீடு என்ற அமைப்பில் அது நிலைபெற 50 மில்லி வினாடி ஆகும், நொடிக்கு 10 என்றால் 400. ஆக, உங்கள் திரெட் ஒரே ஒரு துடிப்பின் நடுவில் 60 மைக்ரோ வினாடி தடைபட்டால் போதும், அந்த வாசிப்பின் மீதிப் பிட்கள் குப்பை. அந்தக் குப்பையை ஐந்து கிலோ என்று நம்பித்தான் கேட் மூடுகிறது.

திரெட் டிஎஸ்ஸாக இருந்தால் இது நாள் முழுக்க நடக்கும். எஃப்எஃப் ஆனதும் பெருமளவு குறையும், ஆனால் ஒழியாது. மிச்சம் இருப்பவற்றை இந்த வரிசையில் தேடுங்கள்.

முதலில் பேஜ் ஃபால்ட், அதாவது கேட்ட நினைவகப் பக்கம் தயாராக இல்லாமல் திரெட் நிற்பது. தொடக்கத்திலேயே எம்லாக்ஆல் கூப்பிட்டு, இப்போதுள்ள நினைவகத்தையும் இனி வருவதையும் பூட்டுங்கள். இதில் ஒரு கண்ணி உண்டு: ஒவ்வொரு திரெட்டின் ஸ்டேக்கும் இயல்பாக 8 எம்பி, அத்தனையும் பூட்டப்படும். சாதாரணப் பயனரின் பூட்டு வரம்பு அதற்குப் போதாது, பிதிரெட்_கிரியேட் பிழை 11 தரும். திரெட்டுக்கு 256 கேபி ஸ்டேக் போதும் என்று ஆட்ரிப்யூட்டில் எழுதுங்கள், சர்வீஸ் கோப்பில் லிமிட்மெம்லாக் வரம்பையும் உயர்த்துங்கள்.

அடுத்து, அந்தத் திரெட்டுக்குள் பிரின்ட்எஃப், மாலாக், கோப்பு எழுதுவது எதுவும் இருக்கக்கூடாது. பிரின்ட்எஃப் உள்ளுக்குள் ஒரு லாக் (ஒரு நேரத்தில் ஒரு திரெட் மட்டும் பிடிக்கக்கூடியது) வைத்திருக்கிறது. பதிவுத் திரெட் அதைப் பிடித்துக்கொண்டு எஸ்டி கார்டுக்காகக் காத்திருந்தால் எடைத் திரெட்டும் சேர்ந்து காத்திருக்கும்.

பிறகு தூக்கம். யூஸ்லீப் போட்டுச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் வேலை செய்த நேரமும் தாமதமும் சேர்ந்து நழுவிக்கொண்டே போகும். கிளாக்_நானோஸ்லீப்பில் மோனோடானிக் கடிகாரமும் டைமர்_ஆப்ஸ்டைமும் கொடுத்து, அடுத்த சுற்று எப்போது என்பதைத் திட்டமான கடிகார நேரமாகக் கணக்கிடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் இன்டரப்ட்கள் (வன்பொருள் சிபியுவை அவசரமாகக் கூப்பிடுவது) குறுக்கிடும். சாதாரண கெர்னலில் அவை உங்கள் 70க்கும் மேலே. பிரீஎம்ப்ட்_ஆர்டி கெர்னலில் பெரும்பாலான இன்டரப்ட்கள் ஃபைஃபோ 50இல் திரெட்களாக ஓடும், அப்போதுதான் 70 என்ற எண்ணுக்கு அதன் முழு மதிப்பு. அது 2024இல் வந்த 6.12 பதிப்பிலிருந்து லினக்ஸின் மையக் கோடிலேயே இருக்கிறது, ஆனால் கம்பைல் செய்யும்போது தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

எந்தக் கெர்னலாக இருந்தாலும் ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னும் பின்னும் கிளாக்_கெட்டைம் எடுங்கள். இடைவெளி 50 மைக்ரோ வினாடியைத் தாண்டினால் அந்த வாசிப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, சிப் நிலைபெறும்வரை பொறுங்கள். கேட் முடிவெடுக்கும் இடத்துக்கு அந்த எண் போகவே கூடாது. உண்மையைச் சொன்னால், துடிப்பு கொடுக்கும் வேலையை ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலரிடம் கொடுத்துவிட்டு பைக்கு எண்ணை மட்டும் அனுப்பச் சொல்வதுதான் சரியான வடிவமைப்பு.

உயர்ந்த திரெட் லாக்கில் சிக்கிக் கிடக்கிறது

எடைத் திரெட் 70, திரை 20, பதிவு சாதாரணம். பதிவுத் திரெட் மியூடெக்ஸ் என்ற லாக்கைப் பிடித்திருக்கும்போது திரைத் திரெட் வந்து சிபியுவைப் பிடுங்கிக்கொள்கிறது. பதிவு ஓட முடியாது, அதனால் லாக்கை விட முடியாது. 70 உள்ள திரெட்டுக்கும் அதே லாக் வேண்டும், ஆக அது 20 உள்ளதற்காகக் காத்திருக்கிறது. 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலம் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது இதே முடிச்சினால்தான். அதன் இயங்குதளமான விஎக்ஸ்வொர்க்ஸில் முன்னுரிமை வாரிசு அமைப்பை (காத்திருக்கும் திரெட்டின் முன்னுரிமையை லாக் வைத்திருப்பதற்குத் தருவதை) பூமியிலிருந்தே இயக்கிச் சரிசெய்தார்கள்.

சி மொழியில் மியூடெக்ஸ் ஆட்ரிப்யூட்டுக்குச் செட்புரோட்டோகால் கூப்பிட்டு, பிதிரெட்_பிரியோ_இன்ஹெரிட் கொடுக்க வேண்டும். பிதிரெட்_மியூடெக்ஸ்_இனிஷியலைசர் என்று ஒரே வரியில் உருவாக்கிய மியூடெக்ஸில் இது கிடையாது, இனிட் கூப்பிட்டுத்தான் உருவாக்க வேண்டும்.

நான்கு கோர் உள்ள பலகையில் இந்தப் பிழை மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும், பதிவுத் திரெட் வேறு கோரில் ஓடிவிடும் என்பதால். சோதனைக்கு டாஸ்க்செட் கொண்டு முழு புரோகிராமையும் ஒரே கோரில் கட்டிப்போட்டால் வெளியே வந்துவிடும்.

வாரிசு அமைப்பு லாக் வைத்திருப்பவரைச் சிபியு வரிசையில் முன்னால் தள்ளும், எஸ்டி கார்டை வேகமாக்காது. லாக்குக்குள் கோப்பு எழுதாதீர்கள். எண்ணை நகலெடுங்கள், லாக்கை விடுங்கள், பிறகு எழுதுங்கள்.

பெட்டியே உறைந்துவிட்டது, எஸ்எஸ்ஹெச் வரவில்லை

ஃபைஃபோ திரெட் ஒன்று தூங்காமல் சுற்றுகிறது. ஸ்கெட்_யீல்ட் போட்டிருக்கிறோமே என்பவர்களுக்கு: ஃபைஃபோவில் அது அதே எண்ணில் காத்திருக்கும் திரெட்டுக்கு மட்டுமே வழிவிடும், தாழ்ந்ததற்கு விடாது. சுற்றுக்குள் உண்மையான தூக்கமோ, தடுத்து நிறுத்தும் ரீடோ வேண்டும்.

லினக்ஸ் இதற்கு ஒரு பூட்டு வைத்திருக்கிறது: ஒவ்வொரு 10,00,000 மைக்ரோ வினாடியிலும் நிகழ்நேர வேலைக்கு 9,50,000 மட்டும். மிச்சம் 50 மில்லி வினாடியில் மற்றவை மூச்சு விடும். 6.12க்கு முந்தைய கெர்னலில் நொடிக்கு ஒருமுறை கச்சிதமாக ஒரு தடுமாற்றம் தெரிந்தால், கெர்னல் செய்திகளைக் காட்டும் டிஎம்எஸ்ஜியில் "ஆர்டி திராட்லிங்" என்ற வரியைத் தேடுங்கள். அதைக் கண்டதும் ஸ்கெட்_ஆர்டி_ரன்டைம்_யூஎஸ் மதிப்பை -1 ஆக்கச் சொல்லும் அறிவுரை எளிதில் கிடைக்கும். மில் ஷெட்டில் நிற்கும் பெட்டியில் அதைச் செய்யாதீர்கள். அடுத்த முறை உறைந்தால் யாராவது நேரில் போய்த்தான் கரண்டைப் பிடுங்க வேண்டும். திராட்லிங் வருகிறதென்றால் சிபியுவின் 95 சதவீதத்தை உங்கள் திரெட் தின்கிறது என்று பொருள், திருத்த வேண்டியது அதைத்தான்.

பணிமேசையில் சோதிக்கும்போது சிஹெச்ஆர்டி கொண்டு ஃபைஃபோ 90இல் ஒரு ஷெல்லைத் திறந்து வையுங்கள். ஆர்லிமிட்_ஆர்டிடைம் வரம்பும் வையுங்கள். தூங்காமல் அந்த நேரத்தைத் தாண்டும் திரெட் இருந்தால் புரோகிராமுக்கு முதலில் சிக்எக்ஸ்சிபியு வரும், மேல்வரம்பையும் தாண்டினால் கெர்னல் கொன்றுவிடும்.

தாழ்ந்த திரெட் முதலில் ஓடுகிறது. நைஸ் வேலை செய்யவில்லை

முதலாவது பிழையே அல்ல. நான்கு கோர் இருந்தால் நான்கு திரெட்டும் ஒரே நேரத்தில் ஓடும், முன்னுரிமை என்பது கோர் போதாதபோது யாருக்கு என்ற கேள்விக்கான பதில் மட்டுமே. ஒன்று முடிந்துதான் மற்றது என்றால் செமஃபோரோ கண்டிஷன் வேரியபிளோ போடுங்கள்.

நைஸ் என்பது சிபியு பங்கைக் கூட்டிக் குறைக்கும் எண்: -20 முதல் 19 வரை, சாதாரணத் திரெட்களுக்கு மட்டும். லினக்ஸில் அது திரெட்டுக்குத் திரெட் தனி. இரண்டு டெர்மினல்களில் இரண்டு புரோகிராம் ஓட்டி ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியாமல் போகலாம். ஆட்டோகுரூப் இயங்கினால் ஒவ்வொரு செஷனுக்கும் தனிப் பங்கு, நைஸ் அந்தச் செஷனுக்குள் மட்டுமே எடுபடும்.

காலையில் சரியாக ஓடுகிறது, மதியம் எல்லாமே மந்தம்

எல்லாத் திரெட்டும் சேர்ந்து தாமதித்தால் முன்னுரிமையை விட்டுவிட்டு வீசிஜென்கமாண்ட் கட்டளையில் கெட்_திராட்டில்ட் கேளுங்கள். 0x0 வந்தால் மின்சாரமும் சூடும் குற்றவாளிகள் அல்ல. 0x50000 என்றால் தொடங்கியதிலிருந்து எப்போதோ வோல்டேஜ் குறைந்து வேகமும் குறைக்கப்பட்டிருக்கிறது, 0x50005 என்றால் இந்த நிமிடமும் அப்படித்தான். 5 வோல்ட் சுமார் 4.63க்குக் கீழே இறங்கினால் இது வரும். மெல்லிய யுஎஸ்பி கேபிளும் மலிவான அடாப்டரும்தான் பெரும்பாலும் காரணம். தடித்த, குட்டையான கேபிள் போட்டு, ஹைட்ராலிக் மோட்டார் கிளம்பும் நேரத்தில் பலகையின் 5 வோல்ட் பின்னில் மீட்டரை வைத்துப் பாருங்கள். விடை 0xE0008 என்று இருந்தால் சூடு: தகரக் கூரைக்கடியில் மூடிய பெட்டிக்குள் பலகை கொதிக்கிறது. ஹீட் சிங்கும் ஃபேனும் போட்டு, பெட்டியை டிரையர் பக்கத்திலிருந்து நகர்த்துங்கள். ஃபேனுக்குப் பித் தூசி போகாதபடி ஒரு ஃபில்டர் துணியும் வேண்டும், அதை வாரம் ஒருமுறை தட்ட வேண்டும்.